டிஜெரிடூ வாங்கி விற்பவர்களுக்கு: அசலை உறுதிசெய்து நேர்மையாக விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் ஊதும் நீண்ட மரக்குழல்தான் டிஜெரிடூ. அப்படி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் மேலுள்ள ஓவியத்தை. அடுத்து ஊதிப் பார்க்கிறார்கள், அப்புறம் விலை கேட்கிறார்கள். செய்தவர் யார் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. டார்வினில் இசைக்கருவிக் கடையில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில், இந்த வியாபாரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் ஏமாந்தது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். ஆளிலிருந்து தொடங்குங்கள். அடுத்து ஊர், அதற்கடுத்து மரம். ஓவியத்தைக் கடைசியில் பாருங்கள். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் பரிசுப்பொருள் கடையோ இணையக் கடையோ வைத்திருக்கும் நம்மவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஊருக்கு ஒன்றே ஒன்று வாங்கி அனுப்ப நினைப்பவருக்கும் 2 முதல் 5 வரையுள்ள படிகள் போதும்.

1. முதலில் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

'டிஜெரிடூ' எந்தப் பூர்வகுடி மொழியின் சொல்லும் அல்ல. ஊதும்போது எழும் ஒலியைக் கேட்ட வெள்ளையர்கள் வைத்த பெயர் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடமுனையில் ஆர்ன்ஹெம் லேண்ட் என்ற பூர்வகுடி நிலப்பகுதி இருக்கிறது. அதன் வடகிழக்கில் வாழும் யோல்ங்கு மக்கள் டிஜெரிடூவை யிடாகி என்கிறார்கள். மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டில் இது மாகோ. கூடவே தட்டும் தாளக்கட்டைகளுக்கு யோல்ங்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் பில்மா.

யிடாகிக்கும் மாகோவுக்கும் பெயரில் மட்டும் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். யிடாகி வாசிப்பில் அடிநாதத்துக்கு இடையிடையே உயரமான ஒரு ஊதல் ஒலி வெடித்து எழும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஒலி சுத்தமாக வருகிறதா என்று பார்ப்பார்கள். மாகோ வாசிப்பில் அந்த ஊதல் இல்லை. மாகோ பொதுவாகக் கொஞ்சம் குட்டையாகவும் இருக்கும்.

ஏன் இதில் தொடங்குகிறோம்? விற்பவர் பொய் சொன்னால் அவர் முதலில் தடுமாறுவது பெயரில்தான். ஓசை நன்றாக இருக்கிறது என்று கண்ட குழலுக்கெல்லாம் 'யிடாகி' என்று சீட்டு ஒட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்தவர் யோல்ங்கு இல்லையென்றால் அந்தச் சீட்டு தவறு.

2. 'அசல்' என்ற சொல்லை மூன்று கேள்விகளாக உடையுங்கள்

'இது அசலா?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால் மூன்றாகக் கேளுங்கள்.

செய்தவர் பூர்வகுடியைச் சேர்ந்தவரா? அவருடைய மக்களின் மரபில் இந்தக் கருவி இருக்கிறதா? மரம் வெட்டியதும், வரைந்ததும், விற்றதும் உரியவர்களின் அனுமதியோடும் நியாயமான கூலியோடும் நடந்தனவா?

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வையுங்கள். ஏனென்றால் ஒன்றுக்கு 'ஆம்' வந்து மற்றொன்றுக்கு 'இல்லை' வருவது சாதாரணம். மரபாக இந்தக் கருவி கண்டத்தின் வடபகுதிக்கு உரியது. தெற்கே சிட்னிப் பக்கம் பிறந்த ஒரு பூர்வகுடிக் கலைஞர் செய்யும் டிஜெரிடூ அவருடைய உண்மையான படைப்பு. அதை விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அவர் ஊரின் பழைய மரபு என்று எழுதி விற்பதுதான் தவறு. அதேபோல, பூர்வகுடி அல்லாத ஆஸ்திரேலியக் கைவினைஞர்கள் செய்யும் அருமையான கருவிகளும் சந்தையில் உண்டு. அவற்றை அவர்கள் பெயரிலேயே விற்கலாம். பூர்வகுடிக் கருவி என்ற பெயரில் மட்டும் விற்கக் கூடாது.

3. கருவியைத் தேடாதீர்கள், கலை மையத்தைத் தேடுங்கள்

புதியவர்கள் மொத்த வியாபாரியிடம் போய், பட்டியலைப் பார்த்து, பத்துக் கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, அதன்பிறகு சான்றிதழ் கேட்கிறார்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் எந்தக் காகிதமும் வரும்.

சரியான தொடக்கம் கலை மையங்கள். இவை அந்தந்தச் சமூகத்துக்கே சொந்தமான அமைப்புகள். வடகிழக்கில் யிர்கலாவில் புகு-லார்ங்கே முல்கா மையம் இருக்கிறது. யிடாகிக்குப் பேர்போன இடம். மேற்கே குன்பலன்யாவில் இன்ஜலக் ஆர்ட்ஸ், நடுவே மானின்கிரிடாவில் மானின்கிரிடா ஆர்ட்ஸ் அண்டு கல்ச்சர். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் டார்வினில் நடக்கும் பூர்வகுடிக் கலைச் சந்தைக்குப் போங்கள். அங்கே கலை மையங்களே நேரடியாக விற்கின்றன, விற்பனைப் பணம் முழுதும் அவற்றுக்கே போகிறது.

மையங்களோடு வியாபாரம் செய்யப் பொறுமை வேண்டும். நீங்கள் கேட்கும் நாளில், கேட்கும் எண்ணிக்கையில் கருவி இருக்காது. ஊரில் ஒரு இறப்பு நேர்ந்து சடங்குகள் நடந்துகொண்டிருந்தால் வாரக்கணக்கில் வேலை நிற்கும். மழைக்காலத்தில் சாலைகள் மூடிவிடும். இதற்கெல்லாம் கோபப்பட்டு மொத்த வியாபாரியிடம் திரும்பிப் போனவர்கள் உண்டு. எப்போது கேட்டாலும், எத்தனை கேட்டாலும், ஒரே அளவில் ஒரே மாதிரி கருவி கிடைக்கிறது என்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கறையான் அரித்த இரண்டு மரங்கள் ஒரே மாதிரி இருக்காது.

இடையில் ஒரு வியாபாரி இருந்தே ஆக வேண்டுமென்றால், அவர் 'பூர்வகுடிக் கலை நெறிமுறை' அமைப்பில் உறுப்பினரா என்று பாருங்கள். அது விரும்பிச் சேரும் அமைப்பு. சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கலைஞரோடு நேர்மையாக நடப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டவர் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

4. பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு கருவிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: செய்தவர் பெயர், அவருடைய மொழிக்குழு அல்லது குலம், ஊர், மரத்தின் வகை, வரைந்தவர் வேறொருவர் என்றால் அவர் பெயர், மையத்தின் பட்டியல் எண், செய்தவருக்குப் பணம் எப்போது எந்த விகிதத்தில் போகிறது என்ற விவரம்.

வரைந்தவரைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் மரத்தை வெட்டிச் சீராக்குவார். வீட்டில் இன்னொருவர் வரைவார். இரண்டு பேருக்கும் பங்கு உண்டு, இரண்டு பெயரும் சீட்டில் வர வேண்டும்.

மரம் எங்கே வெட்டியது என்றும் கேளுங்கள். ஆர்ன்ஹெம் லேண்ட், 1976ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின் கீழ் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான நிலம். வெளியாள் அதற்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். அப்படியிருக்க, வண்டியில் போய் நூறு மரம் வெட்டிக்கொண்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால், யாரைக் கேட்டு வெட்டினார் என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒரு மொத்த வியாபாரி என்னிடம் ஒருமுறை, 'ஒரு பூர்வகுடிக் குடும்பம் செய்தது, பெயர் வெளியிட விரும்பமாட்டார்கள்' என்றார். நான் அப்போது புதியவன். மரியாதை கருதி நம்பிவிட்டேன். மூன்று கருவிகள் வாங்கினோம். பிறகு எந்த ஊர் என்று கேட்டேன், மாநிலம் வரைக்கும் சொன்னார். எந்த மையம் என்றேன், பேச்சை மாற்றினார். அந்த மூன்றையும் கடைசிவரை நாங்கள் விற்கவில்லை. காசு போனதுதான் மிச்சம். செய்தவருக்குத் தன் பெயர் தெரிய வேண்டும் என்ற பெருமைதான் பொதுவாக இருக்கும். பெயரை மறைப்பதில் லாபம் இடையில் நிற்பவருக்கு.

5. மரத்தைப் பாருங்கள்: டார்ச், டேப், விரல்

இந்தச் சோதனை போலியைத் தள்ளிவிட மட்டுமே உதவும். எல்லாவற்றிலும் தேறிவிட்டது என்பதற்காகக் கருவி பூர்வகுடியினருடையது என்று ஆகிவிடாது. மேலே சொன்னதுபோல அதே மரத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனால்தான் இது ஐந்தாவது படி.

முதலில் அடிப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வடக்கே பெரும்பாலும் ஸ்ட்ரிங்கிபார்க், உல்லிபட் போன்ற யூகலிப்டஸ் மரங்களைப் பயன்படுத்துகிறார்கள். உயிரோடு நிற்கும் மரத்தின் நடுப்பகுதியைக் கறையான் தின்றுவிடும். வெளிப்பக்கம் கெட்டியாக நிற்கும். அப்படி உண்டான குழாய் மேடும் பள்ளமுமாக, ஓரிடத்தில் குறுகி ஓரிடத்தில் விரிந்து போகும். வாய்ப்பக்கம் சிறுத்து அடிப்பக்கம் அகன்றிருக்கும். இயந்திரத்தால் துளைத்தது என்றால் சுவர் நேராகவும் ஒரே விட்டத்திலும் இருக்கும். துரப்பணம் சுற்றிய கோடுகள்கூடத் தெரியும்.

அடுத்து வெளிப்புறத்தில் நீளவாக்கில் விரலை ஓட்டுங்கள். மரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டியிருந்தால் எதிரெதிராக இரண்டு நீளக் கோடுகள் அகப்படும். தடித்த பெயின்ட் அதை மறைத்திருக்கலாம். அடி விளிம்பில் பெயின்ட் மெலிந்திருக்கும், அங்கே பாருங்கள். நல்ல கருவிகளிலும் வெடிப்பை அடைத்த பசை இருக்கும், அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். வெடிப்பு கோணலாக ஓடும், ஒட்டு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும்.

ஒருநாள் ஒரு இளம் தம்பதி, சுற்றுலாக் கடையில் வாங்கிய டிஜெரிடூவைக் கொண்டுவந்து, விலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். கருப்பு பெயின்ட், கங்காரு, சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். கையில் எடுத்ததுமே எடை இல்லை. போனில் டார்ச்சை ஏற்றி உள்ளே காட்டினேன். சாண் இடைவெளிக்கு ஒரு வளையம், உடைத்தெடுத்த கணுவின் விளிம்பு. மூங்கில். அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தார். 'எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறதே' என்றார். அவர் இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்.

மூங்கில் என்றாலே போலி என்றும் முடிவுகட்டாதீர்கள். வடக்கின் மேற்குப் பகுதியில் மூங்கில் வளர்கிறது, அதில் ஊதியவர்களும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கருவிக்கு நாலாவது படியில் சொன்ன நோட்டுப் பக்கம் முழுதாக நிரம்பியிருக்கும்.

வாய்ப்பக்கத்தில் மெழுகு இருந்தால் முகர்ந்து பாருங்கள். யிர்கலாவிலிருந்து முதல்முறை ஒரு யிடாகி வந்தபோது உறையைப் பிரித்ததும் தேன் கலந்த புளிப்பு வாசனை வந்தது. கொடுக்கில்லாத காட்டுத் தேனீயின் கருத்த மெழுகு அது. மெழுகே இல்லாமல் வெறும் மரமாக இருந்தாலும் குறையில்லை. பல யோல்ங்கு வாசிப்பாளர்கள் மரத்திலேயே வாய் வைத்து ஊதுவார்கள்.

6. இப்போது ஓவியம்

புள்ளி ஓவியம் மத்திய ஆஸ்திரேலியப் பாலைவன மக்களோடு சேர்ந்தது. 1971 வாக்கில் அங்குள்ள பப்புன்யா என்ற ஊரில் பலகையிலும் துணியிலும் வரையத் தொடங்கியதிலிருந்து உலகம் அறிந்தது. அந்தப் பாலைவனத்தில் டிஜெரிடூ மரபுக் கருவி அல்ல. ஆர்ன்ஹெம் லேண்டில் வரைவது வேறு மாதிரி: மெல்லிய தூரிகையால் இழுத்த குறுக்குநெடுக்குக் கோடுகள், மண் நிறங்கள். ஆகவே 'பாரம்பரிய யிடாகி' என்ற சீட்டோடு உடம்பெல்லாம் புள்ளி இருந்தால் விசாரியுங்கள். பதில் நேர்மையாகவும் இருக்கலாம்: பாலைவனத்துக் கலைஞர் ஒருவர் தன் முறையில் வரைந்திருப்பார். அப்படியென்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

ஓவியமே இல்லாத, வெறும் மரமாக இருக்கும் கருவியைப் புதியவர்கள் மட்டமாக நினைக்கிறார்கள். வாசிப்பதற்காகத் தேடுபவர் பல நேரம் அதைத்தான் கேட்பார்.

குலக் கோலங்களை வரைய எல்லோருக்கும் உரிமை கிடையாது. ஒரு குலத்தின் கோலத்தை அந்த உரிமை உள்ளவரே வரையலாம். எனவே 'இதே டிசைனில் இன்னும் ஐந்து வேண்டும்' என்று வேறொருவரிடம் கேட்காதீர்கள். வாங்கிய கருவியின் ஓவியத்தைப் படமெடுத்துப் பையிலும் டி-ஷர்ட்டிலும் போடவும் கூடாது. கருவி உங்களுடையது, ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவருடையது.

7. அடுக்கில் வைக்கவே கூடாதவை

கயிற்றில் கட்டிச் சுழற்றினால் உறுமும் தட்டையான மரத்துண்டு, புல்ரோரர். பல சமூகங்களில் அது மறைவான சடங்குகளுக்கு உரியது. உரியவர் அல்லாதவர் பார்ப்பதே தவறு. சுற்றுலாக் கடைகளில் தொங்குகிறது என்பதற்காக நீங்களும் வைக்க வேண்டாம். யாராவது பழைய ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் விலை பேசாமல், படம் எடுக்காமல், அந்த மாநிலத்தின் அருங்காட்சியகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

சடங்கில் பயன்பட்ட பழைய கருவிகளும் இதே கணக்குத்தான். 1986ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிலவற்றை நாட்டைவிட்டு வெளியே அனுப்பவே முடியாது. சிலவற்றுக்கு அனுமதி பெற வேண்டும். விற்பனைக்காகவே செய்த புதுக் கருவிகளோடு நின்றுகொள்ளுங்கள்.

8. சீட்டு எழுதுவது

அதிகக் கவனம் வேண்டிய படி இதுதான். பிருபி ஆர்ட் என்ற மொத்த விற்பனை நிறுவனம் 2015 ஜூலைக்கும் 2017 நவம்பருக்கும் இடையில் 18,000க்கும் மேற்பட்ட பூமராங், டிஜெரிடூ, புல்ரோரர் முதலிய பொருட்களை விற்றது. எல்லாம் இந்தோனேசியாவில் செய்தவை. சீட்டில் 'கையால் தீட்டியது', 'பூர்வகுடிக் கலை', 'ஆஸ்திரேலியா' போன்ற சொற்கள். நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2019இல் ஃபெடரல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: எதிலும் 'பூர்வகுடியினர் செய்தது' என்ற நேரடி வாக்கியம் தேவைப்படவில்லை. சேர்த்து வாசிப்பவர் மனதில் என்ன எண்ணம் எழும் என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது.

அந்த வழக்கில் குற்றமானது பொய்யான தோற்றம் கொடுத்ததுதான். எதுவும் சொல்லாமல் போலியை அடுக்கில் வைத்தால் நுகர்வோர் சட்டத்தில் பிடிப்பது கடினம். அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022இல் தந்த அறிக்கையின்படி, பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருட்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கும் மேல் போலிக்குப் போகிறது. சட்டத்தின் அந்த இடைவெளியில் நாம் நுழையக் கூடாது. செய்தவர் வாயிலிருந்து பறிக்கும் சோறு அது.

'பூர்வகுடிப் பாணி', 'பூர்வகுடி உணர்வில்', 'நிஜமான ஆஸ்திரேலியா' போன்றவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். நோட்டில் எழுதியதைச் சுருக்கிப் போட்டாலே நல்ல சீட்டு ஆகிவிடும். நாங்கள் வைத்திருந்த மாதிரி: 'யிடாகி. செய்தவர்: (பெயர்), (குலம்), யிர்கலா. ஸ்ட்ரிங்கிபார்க், காட்டுத்தேன் மெழுகு. நீளம் 1.42 மீட்டர். கலை மையப் பட்டியல் எண்: (எண்).' நோட்டில் இல்லாத எதையும் சீட்டில் சேர்க்காதீர்கள். கனவுக்கால மந்திரம், நோய் தீர்க்கும் அதிர்வு என்றெல்லாம் கதை கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மையம் கொடுத்த கதையை மட்டும், அது கொடுத்த வார்த்தைகளில் போடுங்கள்.

செய்தவர் காலமாகிவிட்டால் அவர் பெயரையும் படத்தையும் சில காலம் பயன்படுத்த வேண்டாம் என்று குடும்பம் கேட்கலாம். செய்தி கேட்டவுடன் மையத்துக்குப் போன் போட்டு, இணையப் பக்கத்தில் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள்.

9. விலையும் பணமும்

மையத்திடமிருந்து நேராக விலைக்கு வாங்குவது நல்லது. விற்ற பிறகு பணம் தருகிறேன் என்றால் செய்தவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். பேரம் பேசாதீர்கள். மரம் தேடி நடந்து, தட்டிப் பார்த்து, வெட்டியபின் உள்ளே சரியில்லை என்று கழித்தது எத்தனையோ. அந்த உழைப்பும் அந்த விலையில் இருக்கிறது.

10. வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது

பெண்கள் ஊதலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வடக்கில் சடங்குகளில் ஊதுவது ஆண்கள். அதற்கு வெளியே, பெண்கள் ஊதுவது பற்றிச் சமூகத்துக்குச் சமூகம் கருத்து வேறுபடுகிறது. இந்தக் கருவி எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த மையம் சொன்னதைச் சொல்லுங்கள். உங்கள் சொந்தத் தீர்ப்பு வேண்டாம்.

ஏசி நேராக அடிக்கும் இடத்திலும் கார் டிக்கியிலும் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். ஈரமான வடக்கிலிருந்து வந்த மரம் திடீரென்று காய்ந்தால் நீளவாக்கில் பிளந்துவிடும்.

11. அனுப்புதல்

ஆஸ்திரேலியத் தபாலில் பார்சலின் நீள வரம்பு 105 செ.மீ. பெரும்பாலான யிடாகி அதைத் தாண்டும். ஆர்டர் எடுக்கும் முன்பே கூரியர் விலையைக் கேட்டு வையுங்கள். இதை மறந்து, கிடைத்த லாபத்துக்கு மேல் அனுப்புக் கூலி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுக்கு என்றால் அந்த நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் விதியை முதலில் பாருங்கள். இந்தியாவுக்கும் இது பொருந்தும். பட்டை ஒட்டியிருக்கக் கூடாது. பூச்சி இருக்கக் கூடாது. குழாயின் உள்சுவரில் கறையான் மண் ஒட்டியிருந்தால் நீளமான குச்சியில் துணி சுற்றித் துடைத்து, தட்டிக் கொட்டிவிட்டு, பூச்சி நீக்கிய சான்றிதழ் தேவையா என்று கேளுங்கள். இறகு, சங்கு, தோல் எதாவது கட்டியிருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டியிருக்கலாம். பிளாஸ்டிக் குழாயில் போட்டு இரண்டு முனையிலும் பஞ்சுறை அடைத்தால் வாய்ப்பக்க மெழுகு நசுங்காது.

கருவியை யார் செய்தார் என்று காட்டும் சான்றிதழைப் பெட்டிக்குள் போடுங்கள், ஒரு நகலை உங்கள் நோட்டோடு சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்கப்போகும்போது, யார் செய்தது என்று கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும்.